தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு

அக்காவின் புது ஃபிளாட்டில் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. சமையலறையில் சிம்னியைப் போட்டால் படுக்கையறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். முதலில் மெல்ல நகரும். கடைசி ஒரு சாண் தூரத்தில் வேகமெடுத்து ‘டமார்’ என்று விழும். அதன் பிறகு ஐந்து நிமிடத்தில் தாளித்த நெடி ஹாலுக்கு வந்து எல்லோரும் இரும ஆரம்பிப்பார்கள்.

“சிம்னிதான்டா சரியில்ல. ரெண்டு தடவை ஆள் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. மோட்டார் வீக்காம், மாத்தணுமாம்,” என்றாள் அக்கா.

“கதவு சாத்திக்கிறதச் சொன்னியா?”

“சிம்னி ரிப்பேர் பண்ண வந்தவர்கிட்ட கதவப் பத்தி எதுக்குடா சொல்லணும்?”

அவள் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வீட்டில் நோயைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் கதவு மட்டுமே. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. சமையலறைக் காற்று எப்படி வெளியே போகிறது என்று பார்த்தவர்கள், அதற்கு ஈடான காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்க்கவில்லை. கேஸ் அடுப்பு உள்ள வீடுகளில் காற்றோட்டக் கோளாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த ஒரு மறதிதான்.

புகை காட்டாத தீ

விறகடுப்புக்கு ஒரு நேர்மை உண்டு. காற்றோட்டம் சரியில்லை என்றால் கண்ணைக் கரித்து, சுவரைக் கறுப்பாக்கிச் சொல்லிவிடும். கேஸ் அடுப்பு அப்படிச் சொல்வதில்லை. நீலமாக, ஓசையின்றி எரிகிறது. புகை தெரியாததால் அதிலிருந்து எதுவுமே வெளிவருவதில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. இரண்டுமே கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை. எரியும்போது கார்பன் கரியமில வாயுவாகவும் ஹைட்ரஜன் நீராவியாகவும் மாறும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 3 கிலோ கரியமில வாயுவும் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான நீரும் கிடைக்கும். அப்படியானால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது ஏறத்தாழ 22 லிட்டர் தண்ணீரை ஆவியாகச் சமையலறைக்குள் விட்டிருக்கும். குழம்பிலிருந்தும் குக்கரிலிருந்தும் வரும் ஆவி இதில் சேர்த்தி இல்லை. மழைக்காலத்தில் அடுப்பு மேடைக்கு மேலிருக்கும் அலமாரிப் பலகை உப்புவதும், சுவர் மூலையில் பூஞ்சை பிடிப்பதும் மேல்வீட்டுக் குழாய்க் கசிவால் மட்டுமல்ல.

இன்னொரு கணக்கும் உண்டு. நடுத்தர பர்னர் ஒன்று முழுத் தீயில் மணிக்குச் சுமார் 125 கிராம் கேஸை எரிக்கும். அதற்கு 450 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஒரு மணி நேரத்தில் செலவழிக்கும் ஆக்ஸிஜன் 20 கிராமுக்குச் சற்று அதிகம். ஆக, ஒரு பர்னரைப் பற்றவைப்பதும் சமையலறைக்குள் இருபது பேரை அழைத்து உட்காரவைப்பதும் ஒன்றுதான். இரண்டு பர்னர் எரிந்தால் நாற்பது பேர்.

தீ எவ்வளவு நீலமாக இருந்தாலும் ஒரு பொருள் உண்டாகியே தீரும். தீயின் சூட்டில், காற்றில் சாதுவாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கைகோக்கின்றன. அப்படிப் பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளில் நைட்ரஜன் டைஆக்சைடு மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் இது 25 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது.

அடுப்பின் மேல் நடக்கும் சமையல் தன் பங்குக்குச் சேர்ப்பது தனி. அளவுக்கு மீறிச் சூடான எண்ணெயிலிருந்து வரும் அக்ரோலின் கண்ணைக் கரிக்கும். வறுபடும் மிளகாயிலிருந்து கேப்சைசின் நுண்துளிகளாகக் காற்றில் ஏறும். நம் மூச்சுப்பாதை நரம்புகளில் சூட்டை உணரும் வாயில் ஒன்று இருக்கிறது. கேப்சைசின் அதைத் திறந்துவிடுவதால் நரம்பு ‘சுடுகிறது’ என்று மூளைக்குத் தகவல் அனுப்புகிறது, உடனே இருமல் வருகிறது. அந்த வாயிலைக் கண்டறிந்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸ் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாய் நெடியை நாம் தொல்லை என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத மற்றவை எங்கே போகின்றன என்பதைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி அதுதான். நெடி ஹாலுக்கு வந்துவிட்டது என்றால் அந்த இருபது பேரின் மூச்சும் கூடவே வந்துவிட்டது என்று பொருள்.

வரவு இல்லாமல் செலவு இல்லை

இப்போது கதவுக்கு வருவோம். வீடு என்பது காற்று நிரம்பிய பெட்டி. ஒரு பக்கம் எவ்வளவு காற்று வெளியேறுகிறதோ அவ்வளவு மறுபக்கம் உள்ளே வந்தாக வேண்டும். வரவு நின்றால் செலவும் நின்றுவிடும்.

மணிக்கு 1,000 கன மீட்டர் காற்றை இழுக்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்ட சிம்னியை எடுத்துக்கொள்வோம். 10 அடிக்கு 8 அடி அளவில், 10 அடி உயரமுள்ள சமையலறையில் இருக்கும் காற்று 23 கன மீட்டர்கூட இல்லை. சொன்னபடி வேலை செய்தால் சிம்னி ஒன்றரை நிமிடத்துக்குள் அறைக் காற்று முழுவதையும் வெளியே தள்ளிவிட வேண்டும். அந்த இடத்தை நிரப்பும் காற்று எங்கிருந்து வரும்?

அக்கா வீட்டில் சமையலறை ஜன்னல் எப்போதும் மூடியிருக்கும். திறந்தால் அடுப்புத் தீ ஆடுகிறது என்று காரணம் சொன்னாள். பால்கனிக் கதவு புறாவுக்குப் பயந்து மூடியிருக்கும். ஹால் ஜன்னல் கொசுவுக்குப் பயந்து மூடியிருக்கும். காலையில் வீட்டில் திறந்திருந்தது படுக்கையறை ஜன்னல் ஒன்றுதான். சிம்னி ஓடத் தொடங்கியதும் காற்று அந்த ஜன்னல் வழியே வந்து, படுக்கையறை வாசலைக் கடந்து, ஹாலைத் தாண்டிச் சமையலறைக்குப் பாய்ந்தது. அறையை விட்டு வெளியேறும் காற்று, அறைப் பக்கம் திறந்திருந்த கதவையும் தன்னோடு இழுத்துப்போய் நிலைக்காலில் அடித்துச் சாத்தியது.

ஒரு முறை சாத்திக்கொண்டால் அது எளிதில் பிரியாது. உள்ளே இருக்கும் அழுத்தத்தைவிட ஹாலின் அழுத்தம் 20 பாஸ்கல் குறைந்தாலே போதும். 20 பாஸ்கல் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. காதுக்குக்கூடத் தெரியாது. ஆனால் கதவின் முழுப் பரப்புக்கும் சேர்த்துப் பார்த்தால் மூன்றரைக் கிலோ எடை சாய்ந்து நிற்பதற்குச் சமம்.

கதவு சாத்திய பிறகு காற்றுக்கு மிஞ்சியது கதவின் அடியில் உள்ள ஒரு சென்டிமீட்டர் இடுக்கு. 80 சென்டிமீட்டர் அகலமுள்ள அந்த இடுக்கு வழியாக 1,000 கன மீட்டர் காற்று ஒரு மணியில் வர வேண்டுமானால், மணிக்கு 125 கிலோமீட்டர் வேகத்தில் வர வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மரங்களைச் சாய்த்த காற்றின் வேகத்தை ஒத்தது இது. எந்தச் சமையலறை மோட்டாராலும் கதவிடுக்கில் புயலை உண்டாக்க முடியாது. ஆகவே சத்தம் குறையாமல் ஓடும், ஆனால் இழுப்பதில் சிறு பகுதிதான் மிஞ்சும். அதே காற்று ஒன்றரைச் சதுர அடித் திறப்பு வழியாக வந்தால் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகம் போதும். அது தென்றல்.

பழைய ஓட்டு வீடுகளில் இந்தக் கணக்கை யாரும் போட வேண்டியிருக்கவில்லை. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இடைவெளி, ஓடுகளுக்கு நடுவில் இடுக்கு, கொல்லைப்புறக் கதவு எப்போதும் திறப்பு. மேலே புகைக்கூண்டு வழியாகப் போனதற்கு ஈடான காற்று கீழே எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. இன்றைய ஃபிளாட்டில் ரப்பர் பட்டை ஒட்டிய நகரும் ஜன்னல்கள். முழுவதும் நகர்த்தினாலும் பாதிதான் திறக்கும். அந்தப் பாதியிலும் கொசுவலை. வலையில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஏறி, பார்க்கத் திறந்த ஜன்னலாகவும் காற்றுக்கு மூடிய சுவராகவும் நிற்கும். அடுக்களைக்குக் குறைந்தது 1 சதுர மீட்டர் ஜன்னல் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. ஜன்னல் கட்டியிருப்பது வேறு, அது மூச்சு விடுவது வேறு.

தவறான வாசல்

நாம் வழி விடவில்லை என்றால் காற்று தானாக ஒரு வழி தேடும். அது நமக்குப் பிடித்த வழியாக இருக்காது.

‘சிம்னி போட்டால் பாத்ரூம் நாற்றம் வருகிறது’ என்று சிலர் சொல்வார்கள். தரையில் தண்ணீர் போகும் வாய்க்கு அடியில் வளைவில் கொஞ்சம் நீர் தங்கி நின்று, சாக்கடைக் காற்று மேலே வராமல் அடைத்துக்கொண்டிருக்கும். ஆள் புழங்காத பாத்ரூமில் அந்த நீர் காய்ந்துவிடும். காற்றுக்கு ஏங்கும் சிம்னி அந்தக் காய்ந்த குழாயிலிருந்தே இழுத்துக்கொள்ளும். இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நின்றுவிடும். ஆனால் வீடு மூச்சுக்குத் தவிக்கிறது என்ற செய்தியை நாம் கேட்காமல் விட்டிருப்போம்.

நாற்றத்தோடு போனால் பரவாயில்லை. கேஸ் கீசர் உள்ள வீட்டில் இதுவே உயிருக்கு ஆபத்து. சமையல் பர்னரைவிடப் பல மடங்கு கேஸை எரிப்பது கீசர். அதன் எரிந்த வாயு தன் சூட்டின் பலத்தில் மட்டுமே மேலேறி வெளியே போக வேண்டும். அந்தப் பலம் மிகச் சொற்பம். பக்கத்தில் ஒரு சிம்னியோ எக்ஸாஸ்ட் ஃபேனோ காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தால், கீசரின் வாயுவைத் திரும்ப வீட்டுக்குள் இழுத்துவிடும். அதில் கார்பன் மோனாக்சைடு இருந்தால் நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தை, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பற்றோடு பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்து, வீட்டை விட்டு வெளியே போனதும் தெளிந்தால் வெயிலையோ பித்தத்தையோ குறை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. மூடிய குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கவே கூடாது.

ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியுமா?

உள்ளே வரும் வழி சரியாக இருந்தும் நெடி தங்கினால், அடுத்துப் பார்க்க வேண்டியது சிம்னி நெடியைப் பிடிக்கிறதா என்று.

ஒரு மெழுகுவர்த்தியை ஒரு முழத் தூரத்திலிருந்து ஊதி அணைத்துவிடலாம். அதே தூரத்திலிருந்து உறிஞ்சி அணைத்துப் பாருங்கள். சுடர் அசையக்கூட அசையாது. ஊதும் காற்று ஒரே திசையில் பாய்கிறது. உறிஞ்சும் வாயோ எல்லாப் பக்கத்திலிருந்தும் காற்றை வாங்குகிறது. வாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே இழுவேகம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

ஆகையால் சிம்னி நெடியைத் தேடிப் போய்ப் பிடிக்காது. சூட்டில் எழும் ஆவி தானாக அதன் அடியில் வந்து சேர வேண்டும். அதை விழுங்குவதுதான் சிம்னியின் வேலை. தலையில் இடிக்கிறது என்று இரண்டரை அடிக்கு மேல் உயர்த்தி மாட்டினால், ஆவி மேலேறும் வழியிலேயே பரவி விலகிவிடும். 60 சென்டிமீட்டர் அகலச் சிம்னிக்கு அடியில் மூன்று பர்னர் அடுப்பை வைத்தால் ஓரத்துப் பர்னரின் ஆவி வெளியே நழுவும். சமையலறையில் சீலிங் ஃபேன் ஓடினால் சொல்லவே வேண்டாம். சிம்னி வாய்க்குப் போகும் ஆவியைத் தட்டிப் பறித்து வீடெல்லாம் பங்கிட்டுவிடும்.

இதற்கெல்லாம் செலவில்லாத வைத்தியம் உண்டு. வறுப்பது, பொரிப்பது எல்லாம் சுவரை ஒட்டிய பர்னரில். அடுப்பு பற்றவைக்கும் முன்பே சிம்னி. அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓடட்டும். வாணலி ஆறும் வரை ஆவி எழுந்துகொண்டுதான் இருக்கும்.

குழாயில் ஒளிந்திருப்பவை

பெட்டியில் போட்டிருக்கும் 1,000 கன மீட்டர் என்பது குழாயின் தடை ஏதும் இல்லாதபோது கிடைப்பது. வீட்டில் மாட்டியதும் அது குறையத்தான் செய்யும். எவ்வளவு குறையும் என்பது குழாயைப் பொறுத்தது.

முதல் எதிரி குறுகல். சிம்னியின் வாய் 6 அங்குலம், சுவரில் பில்டர் விட்ட ஓட்டை 4 அங்குலம் என்றால், நடுவில் ஒரு ரெட்யூசரைச் சொருகிவிட்டுப் போவார்கள். பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும். அதே அளவு காற்று போக வேண்டுமானால் அந்தச் சிறு குழாயில் உராய்வு ஏழு மடங்குக்கு மேல் ஏறும். சுவரை உடைக்கும் செலவுக்குப் பயந்து பெரிய மோட்டார் வாங்குவது, கழுத்தை நெரித்துக்கொண்டு பலமாக மூச்சு விடச் சொல்வதைப் போல.

இரண்டாவது எதிரி வளைவும் தொய்வும். துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருக்கும் அலுமினியக் குழாயை முழுக்க இழுத்து நேராகப் பொருத்த வேண்டும். மிச்சத்தை வெட்டாமல் பரணுக்குள் சுருட்டி வைத்தால் ஒவ்வொரு மடிப்பும் காற்றைத் தடுக்கும். தொங்கும் இடத்தில் நீராவி குளிர்ந்து நீராகித் தேங்கும். எண்ணெயும் சேர்ந்து ஒழுகும். சிம்னியிலிருந்து சொட்டுவது எப்போதும் எண்ணெய் மட்டுமே என்று நினைக்காதீர்கள். அதில் சிலிண்டரின் 22 லிட்டருக்கும் பங்கு உண்டு.

மூன்றாவது, வாயை மூடும் தட்டு. காற்று திரும்பி வராமலிருக்கக் குழாய் வாயில் மெல்லிய தட்டு ஒன்று இருக்கும். பிசுக்கு ஏறினால் அது ஒட்டிக்கொள்ளும். சிம்னி முழுப் பலத்தோடு தள்ளியும் திறக்காது. வெளிவாயில் வலை இல்லாவிட்டால் புறா குடும்பம் நடத்தும். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்ததும் சிம்னி இழுக்கவில்லை என்றால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

நான்காவது காற்று. மேலேறும் சூடான ஆவிக்குச் சொந்தப் பலம் எவ்வளவு? மூன்று மீட்டர் உயரக் குழாயில் வெளியைவிட 10 டிகிரி சூடான காற்று நின்றால் கிடைக்கும் உந்துதல் 1 பாஸ்கலைச் சற்றே தாண்டும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் எதிரே வீசும் சாதாரணக் காற்று 5 பாஸ்கல் அழுத்தும். போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று பாயும் கோவையில் மேற்குச் சுவரில் குழாய் வாய் இருந்தால், சித்திரையில் நன்றாக இருந்த சிம்னி ஆனி, ஆடியில் பழுதாகும். ஐப்பசியில் தானாகக் குணமாகும். பருவம் பார்த்து வரும் கோளாறு மோட்டார்க் கோளாறு இல்லை. குழாய் வாயில் காற்றை மறைக்கும் தொப்பி வேண்டும், அல்லது திசை மாற்ற வேண்டும்.

குழாயே இல்லாத சிம்னி ஒன்றும் விற்கிறது. அது காற்றைக் கரித்தூள் ஃபில்டர் வழியாக வடிகட்டி மறுபடி சமையலறைக்குள்ளேயே விடும். எண்ணெயைப் பிடிக்கும், மணத்தைக் கொஞ்ச நாள் பிடிக்கும். நீராவி, கரியமில வாயு, கார்பன் மோனாக்சைடு எதையும் பிடிக்காது. ஹாலில் ஓடும் ஸ்பிளிட் ஏசியும் அப்படித்தான். வீட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. ஏசிக்காக எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஹாலோடு சேர்ந்த திறந்த சமையலறையில் அப்பளம் பொரித்தால் நெடியும் ஏசியோடு சேர்ந்து சுற்றும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்த வீடுகளில் வேறொரு பிழை. ஃபேனும் திறந்த ஜன்னலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஜன்னல் வழியே வந்த காற்று அடுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் நேராக ஃபேனுக்குள் போய்விடும். மோட்டார் ஓடுகிறது, காற்றும் ஓடுகிறது, நெடி மட்டும் நகர்வதில்லை. ஃபேனுக்கு அருகிலுள்ள ஜன்னலை மூடி எதிர்ப்பக்கத்தில் ஒன்றைத் திறந்தால் காற்று அடுப்பைத் துடைத்துக்கொண்டு போகும்.

தீயும் மூச்சு விடுகிறது

வீட்டைப் போலவே பர்னருக்கும் ஒரு வரும் வழி உண்டு. ஜெட்டின் ஊசித் துளையிலிருந்து பாயும் கேஸ், குழாய் வாயிலுள்ள திறப்பு வழியாகக் காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு பர்னருக்குப் போகிறது. 1850-களில் ஹைடல்பெர்க்கில் ராபர்ட் பன்சன் தன் ஆய்வுக்கூட விளக்குக்குக் கையாண்ட அதே தத்துவம். காற்று போதுமான அளவு கலந்தால் தீ நீலமாக எரியும். போதாவிட்டால் கார்பன் முழுக்க எரியாமல் கரித்துகளாகி, சூட்டில் மஞ்சளாக ஒளிரும். அந்தத் துகள் பாத்திரத்தின் அடியில் கரியாக ஒட்டும். கரி பிடிக்கும் தீ கார்பன் மோனாக்சைடையும் கூடுதலாக விடுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மஞ்சளில் மூன்று வகை உண்டு. உப்புத் தண்ணீர் பொங்கி வழிந்தால் தீயில் ஆரஞ்சுப் பொறி தெறிக்கும். அது சோடியத்தின் நிறம், கொஞ்ச நேரத்தில் போய்விடும். சிலிண்டர் தீரப்போகும்போது தீ சிவந்து சோம்பும். புரொப்பேன் எளிதில் ஆவியாகி முதலில் போய்விட, கடைசியில் பியூட்டேன் மிகுதியாக நிற்கும். அதற்குக் காற்று இன்னும் அதிகம் வேண்டும். இதுவும் சிலிண்டர் மாற்றினால் சரியாகும். புதுச் சிலிண்டரிலும் நுனி மஞ்சளாகவே ஆடினால்தான் கோளாறு. பர்னர் துளையில் அடைப்பு, காற்றுத் திறப்பில் பிசுக்கு, குழாய்க்குள் பூச்சிக் கூடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஜெட்டைக் கம்பியால் குத்திப் பெரிதாக்கிவிடக் கூடாது. கேஸ் அதிகமாகும், காற்று போதாமல் போகும்.

ஒரே ஒரு பர்னர் மஞ்சளாக எரிந்தால் குறை பர்னரில். எல்லா பர்னரும் ஒன்றாக மஞ்சளாகி, ஜன்னலைத் திறந்ததும் நீலத்துக்குத் திரும்பினால் குறை அறையில். மேடைக் கல்லில் பதித்த ஹாப் அடுப்பில் இன்னொரு சோதனையும் உண்டு. இவற்றில் பல, கீழே உள்ள அலமாரியிலிருந்து காற்றை எடுப்பவை. அலமாரிக் கதவைத் திறந்ததும் தீ தெளிந்தால், தச்சர் காற்றுக்கு இடம் விடவில்லை என்று பொருள். சிலிண்டர் இருக்கும் அலமாரிக்குத் தரையை ஒட்டியும் மேலேயும் திறப்பு கட்டாயம் வேண்டும். எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தரையில்தான் படுக்கும். கூரையருகே இருக்கும் வெண்டிலேட்டரால் அதற்குப் பயனில்லை.

ஒரு ஊதுபத்தி போதும்

இத்தனையையும் சோதிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஒரு ஊதுபத்தியும் கால் மணி நேரமும் போதும்.

கேஸ் வாசம் சிறிதும் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வாசம் வந்தால் அது காற்றோட்டக் கோளாறு அல்ல, கசிவு. அப்போது ஊதுபத்தியும் கூடாது, எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சையும் தொடக் கூடாது. போடும்போதும் அணைக்கும்போதும் சுவிட்சில் பொறி பறக்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

வாசம் இல்லை என்றால், வழக்கமாகச் சமைக்கும் நேரத்தில் எப்படி இருக்குமோ அப்படி எல்லாவற்றையும் வைத்து அடுப்பைப் பற்றவைக்காமல் சிம்னியை மட்டும் போடுங்கள். ஊதுபத்திப் புகையை ஃபில்டருக்கு அடியில் ஒரு சாண் தூரத்தில் காட்டுங்கள். மேலே பாய்ந்தால் நல்லது. தயங்கினால் சமையலறை ஜன்னலைத் திறந்து மறுபடி பாருங்கள். இப்போது பாய்ந்தால் குறை வரும் வழியில். ஜன்னல் திறந்தும் தயங்கினால் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அப்போது பாய்ந்தால் ஃபில்டரைக் கழுவ வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் குறை குழாயில். மோட்டார் கடைசிச் சந்தேகம்.

பிறகு ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுங்கள். கதவிடுக்கு, பாத்ரூம் தரை வாய், கீசர் புகைக்குழாய் ஒவ்வொன்றிலும் காட்டுங்கள். எங்கே புகை உங்களை நோக்கி வளைகிறதோ அங்கேதான் உங்கள் வீடு மூச்சு வாங்குகிறது. அந்த இடம் நீங்கள் விரும்பும் இடமா என்று பாருங்கள்.

அக்கா வீட்டில் ஊதுபத்திப் புகை படுக்கையறைக் கதவின் அடியிலிருந்து கோடு போட்டதுபோல ஹாலுக்குப் பாய்ந்தது. சமையலறை ஜன்னலின் கொசுவலையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டோம். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. தீ ஆடுகிறது என்ற அவளுடைய புகாரில் உண்மை இருந்தது. அடுப்பு ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. அடுப்பை ஒன்றரை அடி நகர்த்த இடமிருந்தது, சிம்னியின் எல்லைக்குள்ளேயே. படுக்கையறைக் கதவுக்கு ஒரு ரப்பர் ஆப்பு வாங்கி வைத்தோம். மோட்டார் மாற்றவில்லை.

அடுத்த வாரம் அவள் போன் செய்தாள். சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுத்தாளாம். வீட்டில் யாரும் இருமவில்லையாம்.

“ஆனா குழாய் வாய் பக்கத்து வீட்டு பால்கனிப் பக்கம் இருக்கு போலடா. அந்த மாமி கதவத் தட்டி, ‘இன்னிக்கு உங்காத்துல மிளகா வறுத்தேளா’ன்னு கேட்டுட்டுப் போறாங்க.”

காற்று உள்ளே வருவதும் வெளியே போவதும் சரியாகிவிட்டது. போய்ச் சேரும் இடம்தான் பாக்கி.